பதினோராம் கூண்டு

அத்தியாயம் 14

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்று கடிதம் வந்தது வரை போன வாரம் பார்த்தோம். அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடுகிறேன். பழைய வாசகர்கள் அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

இந்த வீட்டில் மூன்றே பேர். வீட்டுக்காரர் தச்சர். சமையலும் அவர்தான். பலகையில் கோடு போடுவதற்கென்று தடித்த சிவப்புப் பென்சில் ஒன்று அவர் காதில் எப்போதும் சொருகியிருக்கும். குளிக்கும்போதாவது அதை எடுப்பாரா என்பதில் அவர் மனைவிக்கே பதினேழு வருஷமாகச் சந்தேகம்.

மனைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடத் தெரியாது, தலைவலிக்கு மாத்திரை சொல்லத் தெரியாது. அவள் வாங்கியது வேதியியலில் டாக்டர் பட்டம். ஆறு வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே ஒரு மருந்தைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். எந்தச் செடியிலும் வேரிலும் கிடைக்காதது. குடுவையில் அவளே கட்டி எழுப்பியது. புற்றுநோய்க் கட்டியைச் சுருக்க வேண்டியது. முப்பத்தாறு முறை தோற்றாள். ஒன்று தண்ணீரில் கரையவே இல்லை. இன்னொன்று நன்றாகக் கரைந்தது, கூடவே பிளாஸ்டிக் குழாயையும் கரைத்தது. முப்பத்தேழாவதுதான் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை மட்டும் தேடிக் கொன்று, நல்ல செல்களை விட்டுவைத்தது. அதற்கு அவள் வேறு பெயர் வைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது முப்பத்தேழுதான்.

மூன்றாவது ஆள் தச்சரின் தங்கை. சத்தமில்லாமல் நடக்கிறாள் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் பூனை. அந்தப் பூனைக்கு இப்போது வேலை, அதே ஆராய்ச்சிக்கூடத்தில் தொண்ணூறு எலிகளைப் பார்த்துக்கொள்வது. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இதுவரை யாரும் இல்லை. அவளும் கூடவே சிரிப்பாள்.

இரண்டு வாரம் முன்பு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவள் சிரிப்பதில்லை. அண்ணியின் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. அது ஏன் என்றுதான் பத்துப் பேர் போன வாரம் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள், பார்ப்போம்.

காலை ஏழு மணிக்கு டாக்டரம்மா சாப்பாட்டு மேஜையில் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"முதல்ல சாப்பிடு," என்று தச்சர் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "பேப்பர் எங்கயும் எழுந்து ஓடாது."

"பயத்துல பாக்கறேன்னு நினைச்சீங்களா? ரசிச்சிட்டிருக்கேன்."

"அவ்வளவு அழகா?"

"நாலு வாரம்ங்க. நிறையக் கூண்டுல கட்டி சின்னதாவே இருக்கு, ஆனா ஒரு எலிகூட இளைக்கல. மருந்துல விஷம் இருந்தா முதல்ல உடம்பு இளைக்கும். இங்க ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு அனுமதிக் குழுல ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போட்டுத் தருவாங்க பாருங்க. அடுத்து பெரிய மிருகம். அப்புறம் மனுஷங்க."

"போடலன்னா?"

"என் கூடத்த அடுத்த மாசம் வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க. முப்பத்தேழு அலமாரில போய்த் தூங்கும்." அவித்த முட்டையை இரண்டாக வெட்டி ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். "அதெல்லாம் நடக்காது."

பூனையின் தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது. இந்த வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. யாராவது இளைத்தால் மற்ற இருவருக்கும் தூக்கம் வராது.

"நீ ஏன் சாப்பிடல?" என்றார் தச்சர்.

"பசிக்கல."

அண்ணனும் தங்கையும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா கோப்புக்குள் இருந்ததால் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், உங்களிடமும் சொல்லி வைக்கிறேன்.

*

விலங்கு அறை கட்டடத்தின் பின்கோடியில் இருக்கிறது. உள்ளே போகும் முன் ஒரு சின்ன முன்னறை. அங்கே கை கழுவும் தொட்டி, தராசு, எலித்தீனி நிரப்பிய உயரமான டிரம். டிரம்மின் பழைய மூடி உடைந்துபோனதால் ஒட்டுப்பலகையில் வட்டமாக அறுத்து ஒரு புது மூடி போட்டிருந்தார்கள். அது தச்சர் செய்து கொடுத்தது. விளிம்பைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் கொடுத்திருந்தார்.

உள்ளே பதினெட்டுக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளை எலிகள். எல்லா எலிக்கும் விலாவில் தோலுக்கடியில் ஒரு கட்டி வளர்க்கப்பட்டிருந்தது. ஆறு கூண்டுகளுக்கு முப்பத்தேழின் முழு அளவு, ஆறுக்குப் பாதி அளவு, ஆறுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்தக் கூண்டுக்கு எது என்ற விவரம் ஒட்டி முத்திரையிட்ட உறையில் இருந்தது. ஊசி போடுகிறவருக்கு அது தெரியாது. கட்டியை அளந்து, எடை பார்த்து எழுதும் பூனைக்கும் தெரியாது. மருந்தைச் செய்த டாக்டரம்மாவுக்கே தெரியாது. தெரிந்தால் கை தன்னாலேயே ஆசைப்பட்ட பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா கடைசி எடைத் தாளை வாங்க வந்தாள். முன்னறையில் நின்றபடியே மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள்.

"பாரேன்! இந்த வாரமும் ஒண்ணுகூட இளைக்கல. உன் கைக்கு ஒரு வளையல் பண்ணிப் போடணும்."

"இளைச்சுது அண்ணி," என்றாள் பூனை.

"என்னது?"

"ரெண்டாவது வாரத்துலயே இளைச்சுது. கொஞ்சம் கூண்டுல இருந்ததுங்க தீனிகிட்டயே போகல. முதுகு கூனி, மூலைல ஒட்டிக்கிட்டு..." பூனை டிரம்மின் மூடியை எடுத்துத் திருப்பினாள்.

உள்பக்கப் பலகையில் ஒன்று முதல் பதினெட்டு வரை எண்கள் எழுதியிருந்தன. சில எண்களுக்குக் கீழே நீல மையில் சின்னச் சின்னக் கோடுகள். சிலவற்றின் கீழே கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"கெட்டித் தீனியக் கடிக்க முடியல அதுங்களால. வெந்நீர்ல ஊறவெச்சு, மசிச்சு, சின்ன மூடில வெச்சுக் கூண்டுக்குள்ள வெச்சேன். சாப்பிட்டுதுங்க. எடை ஏறிடுச்சு. எந்தக் கூண்டுக்கு வெச்சேன்னு மறந்துடக்கூடாதுன்னு வெச்சப்பல்லாம் ஒரு கோடு போட்டேன்."

"கூண்டு அட்டைல எழுதினியா?"

"இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல அண்ணி."

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எடைத் தாள், இவ்வளவு நேரம் அவள் ரசித்த அதே தாள், கையில் தொங்கியது. மருந்து எலிகளை இளைக்க வைத்திருக்கிறது. பூனை ஊட்டி ஊட்டி அதை மறைத்திருக்கிறாள். தாளில் இருப்பது மருந்தின் குணம் இல்லை, நாத்தனாரின் கைப்பக்குவம்.

"விதி தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும். அஞ்சுல ஒரு பங்கு எடை குறைஞ்சா அந்த எலிய வலியில்லாம முடிச்சிடணும். அதான்... அந்தக் கோட்டுக்கு அதுங்க போயிடக் கூடாதுன்னுதான்." பூனையின் குரல் உடைந்தது. "நான் வந்தப்ப நீங்க எனக்குச் செஞ்சீங்களே, அதத்தான் நான் அதுங்களுக்குச் செஞ்சேன். வேற எதுவும் யோசிக்கல அண்ணி."

ஏழு வருஷம் முன்பு ஒரு பெட்டியோடு கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் பூனை. ஒன்பது நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அண்ணி கதவைத் தட்டவும் இல்லை, என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. வேளாவேளைக்கு ஒரு தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பத்தாம் நாள் பூனையே தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டாக்டரம்மாவுக்கு அது நினைவுக்கு வந்தது. வந்ததால் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது.

"ஆறு வருஷம்டி! ஆறு வருஷம்!" என்று கத்திவிட்டு வெளியே போனாள். படிக்கட்டில் மூன்று மாடி ஏறி, மூன்று மாடி இறங்கினாள். வழியில் வணக்கம் சொன்ன இரண்டு பேரை முறைத்தாள்.

திரும்பி வந்தபோது பூனை கையில் ஒரு ஈரத்துணியோடு நின்றிருந்தாள்.

"துடைச்சிடட்டுமா அண்ணி? ஒரு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. மூணு மணிக்கு நீங்க தைரியமாப் போகலாம்."

உண்மையில் ஒரு நிமிஷ வேலைதான். மூடி சுத்தமாகிவிட்டால் எடைத் தாள் மட்டும்தான் மிச்சம். எடைத் தாளோ அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. டாக்டரம்மா துணியைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

"துடைச்சே, கைய ஒடிச்சிடுவேன்," என்றாள். "நாளைக்கு ஒரு மனுஷன் இந்த மருந்த எடுத்துக்கிட்டுச் சாப்பிட முடியாம மூலைல ஒட்டிக்கிட்டுக் கிடப்பான். நம்ம தாள்ல 'யாரும் இளைக்கல'ன்னு எழுதியிருக்கும். அவனுக்கு எந்தப் பூனை வந்து ஊறவெச்சுத் தரும்?"

பூனை துணியைத் தொட்டியில் போட்டாள்.

டாக்டரம்மா மூடியைக் கையில் வாங்கினாள். வெளிச்சத்தில் சாய்த்தாள். கோடுகள் எல்லாக் கூண்டுக்கும் இல்லை. ஒன்று, நான்கு, ஆறு, பத்து... சிலவற்றின் கீழேதான் மண்டியிருந்தன. மற்றவை பெரும்பாலும் வெறும் பலகை. அவள் நெற்றி மெல்லச் சுருங்கியது.

"ஏய். இதுக்கெல்லாம் நீ வெச்சப்ப, எந்தக் கூண்டுக்கு எந்த மருந்துன்னு உனக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? உறை ஒட்டியில்ல இருக்கு."

"இளைச்சது எதுன்னு மட்டும் பாத்து வெச்சே."

"ஆமா."

"வேற எதையும் மனசுல வெச்சுக்காம."

"பசிக்கறது எதுக்குன்னு பாத்து வெச்சேன். அவ்வளவுதான்."

"அப்ப இந்த மூடி பொய் சொல்லாது." டாக்டரம்மா நிமிர்ந்தாள். கோபம் எங்கேயும் போகவில்லை, ஆனால் இப்போது அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. "எந்த எலி கஷ்டப்பட்டுதுன்னு யாருக்கும் சாயாம எழுதி வெச்சது இது ஒண்ணுதான். உறையப் பிரிக்கட்டும். கோடு எங்க இருக்கோ அங்க மருந்து கெடுதல் பண்ணியிருக்கு. எங்க இல்லையோ அங்க பண்ணல. கைய கழுவிட்டு வா. நீயும் வர்றே."

"நானா?"

"பின்ன, மூடியா வாயத் திறந்து பேசும்?"

*

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் மூன்று பேர் இருந்தார்கள். குழுவின் தலைவி முப்பது வருஷம் கால்நடை மருத்துவராக இருந்தவர். சிரிப்பதற்கு யாரோ கட்டணம் கேட்பது போல் முகத்தை வைத்திருப்பார். பக்கத்தில் முத்திரையிட்ட உறையோடு புள்ளிவிவரக்காரர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். விஞ்ஞானிகளே பேசி விஞ்ஞானிகளே தலையாட்டிக்கொள்ளக் கூடாது என்று வெளியிலிருந்து எடுத்த உறுப்பினர்.

டாக்டரம்மா ஒரு கையில் கோப்போடும் மறு கையில் தீனி டிரம் மூடியோடும் உள்ளே வந்தாள். மூடியை மேஜை நடுவில் வைத்தாள். அதிலிருந்து இரண்டு தீனித் துணுக்குகள் உதிர்ந்து தலைவியின் தாளில் விழுந்தன.

"என்னது இது?"

"என் விண்ணப்பத்துல இருக்கற தப்பு," என்றாள் டாக்டரம்மா. "முழு அளவுக்கு அனுமதி கேட்டிருந்தேன். எடை குறையலன்னு எழுதியிருந்தேன். அது சரியில்ல."

சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள். பூனை மீதியைச் சொன்னாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். வெந்நீர், மசித்தது, சின்ன மூடி, நீலக் கோடு.

"எழுதாம விட்டது பெரிய தப்பு," என்றார் தலைவி.

"ஆமாங்க."

"எலிமேல இரக்கப்பட்டது தப்பில்ல. ஒரு வரி எழுதியிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்."

பூனை தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் போல.

"உறையப் பிரிக்கலாம்," என்றாள் டாக்டரம்மா.

புள்ளிவிவரக்காரர் முத்திரையை உடைத்தார். கண்ணாடியை மாட்டினார். மாட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மாதிரி ஆட்கள் இந்த மாதிரி நேரத்தில்தான் கண்ணாடி துடைப்பார்கள்.

"வெறும் உப்புத் தண்ணீர்: ரெண்டு, அஞ்சு, எட்டு, பன்னெண்டு, பதினஞ்சு, பதினேழு."

தலைவியின் விரல் மூடியில் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டது. ஐந்து என்ற எண்ணின் கீழே இரண்டு கோடு. மற்றவற்றில் ஒன்றும் இல்லை.

"முழு அளவு: ஒண்ணு, நாலு, ஆறு, பத்து, பதினாலு, பதினெட்டு."

விரல் போன இடமெல்லாம் கோடு. ஆறு கூண்டிலும் மண்டிக் கிடந்தது. காலையில் ரசித்த விண்ணப்பம் அங்கேயே செத்தது. டாக்டரம்மா அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"அப்ப மருந்து கெட்டதா?" என்று ஆசிரியர் கவலையோடு கேட்டார்.

"இருங்க சார். இன்னும் ஆறு இருக்கு," என்றாள்.

"பாதி அளவு," என்றார் புள்ளிவிவரக்காரர். "மூணு."

கோடு இல்லை.

"ஏழு."

இல்லை.

"ஒன்பது."

ஒரே ஒரு கோடு.

"பதிமூணு, பதினாறு."

வெறும் பலகை.

டாக்டரம்மா மேஜையைத் தட்டினாள். "கட்டி? பாதி அளவுல கட்டி எவ்வளவு?"

அவர் தாளைப் புரட்டினார். உப்புத் தண்ணீர்க் கூண்டுகளில் கட்டி வளர்ந்துகொண்டே போயிருந்தது. முழு அளவு போட்டவற்றில் அதில் கால்வாசிதான் இருந்தது. பாதி அளவில் மூன்றில் ஒரு பங்கு.

"கால்வாசிக்கும் மூணுல ஒண்ணுக்கும் எவ்வளவு தூரம்?" டாக்டரம்மா ஆசிரியரைப் பார்த்து, வகுப்பில் மாணவனிடம் கேட்பது போல் கேட்டாள். "ரொம்ப இல்ல. ஆனா ஒண்ணு மூலைல சுருண்டு கிடக்குது, இன்னொண்ணு நல்லாத் தீனி தின்னுட்டு ஓடுது. சார், எனக்குப் பேராசை. முழுசாக் குடுத்தேன். பாதியே போதும்னு இந்த மூடிதான் சொல்லுது. முழு அளவ நான் திரும்ப வாங்கிக்கறேன். பாதி அளவ இன்னொரு தடவ செஞ்சு பாக்க அனுமதி குடுங்க. இந்தத் தடவை ஊறவெச்ச தீனி எல்லாக் கூண்டுக்கும், எல்லாம் அட்டைல."

ஆசிரியர் தலையாட்டினார். புள்ளிவிவரக்காரர்கூட லேசாகத் தலையாட்டினார்.

தலைவி மட்டும் மூடியை விடவில்லை. தன் பக்கம் இழுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பாதி அளவுல ஆறு கூண்டு. நீங்க அஞ்சுதான் படிச்சீங்க."

"பதினொண்ணு விட்டுப்போச்சு," என்று புள்ளிவிவரக்காரர் தாளைப் பார்த்தார்.

பதினொன்று மூடியின் விளிம்பில், ஆணி அடித்த இடத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே நான்கு கோடுகள். மற்றவையெல்லாம் நீல மையில் மெல்லியவை. இந்த நான்கும் சிவப்பு. தடிமனாக, ஒரே நீளத்தில், அளந்து போட்டது போல் இருந்தன.

"இது ஏன் சிவப்பு?"

பூனையின் முகம் வெளுத்தது. "இது... நான் போட்டது இல்லீங்க."

"வேற யார் உள்ள வருவாங்க?"

"ஊசி போடறவர் வருவார். அவர் தீனி டிரம்மத் தொட மாட்டார்."

"நீ லீவு போட்டியா?"

"ஒரு நாள்கூட இல்லீங்க. தினமும் நான்தான் வந்தேன்."

அவள் சாவி கதவைத் திறந்ததைக் குறிக்கும் வருகைப் பதிவிலும் அப்படித்தான் இருந்தது. டாக்டரம்மாவுக்கு மட்டும் எங்கோ ஒரு சின்ன நெருடல். இரண்டு வாரம் முன்பு காய்ச்சலில் கிடந்தவளின் நெற்றியில் காலையில் ஈரத்துணியை வைத்துவிட்டு, விண்ணப்பம் எழுத ஓடியவள் அவள். சாயங்காலம் வந்தபோதும் பூனை அதே படுக்கையில், அதே போர்வையில். நடுவில் எழுந்து வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள வசதியாகவும் இருந்தது.

தலைவி பேனாவை மூடினார்.

"முழு அளவு முடிஞ்சு போச்சு. பாதி அளவு எனக்கே பிடிச்சிருக்கு. ஆனா அந்தப் பதினொண்ணாம் கூண்டுக்கு யார் தீனி வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்கன்னு தெரியணும். எலி நிஜமா இளைச்சுதா, இல்ல யாராவது சும்மா ஆசைக்கு வெச்சாங்களா? தெரிஞ்சா அடுத்த வியாழக்கிழமை கையெழுத்துப் போடறேன். தெரியலன்னா, தெரியாத கை ஒண்ணு உள்ள வந்த ஆராய்ச்சிய நான் நம்ப மாட்டேன். மொத்தமும் போகும். கூடமும் போகும்." பூனையின் பக்கம் திரும்பினார். "சாவிய வெச்சுட்டுப் போம்மா. வெளி ஆள உள்ள விட்டது நீதான்னு ஆச்சுன்னா, அது உனக்குத் திரும்பக் கிடைக்காது. எப்பவும்."

பூனை கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி மூடியின் மேல் வைத்தாள். அது ஒட்டுப்பலகையில் டக்கென்று விழுந்தது.

*

தலைவியோடு சேர்ந்து மூடியை ஒரு பையில் போட்டு ஒட்டிக் கையெழுத்திட்டுவிட்டு வந்ததில் டாக்டரம்மாவுக்கு ஒரு மணி நேரம் தாமதம். பூனை அதற்கு முன்பே பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சமையல் வாசனை வந்தது. தச்சர் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "பாஸா ஃபெயிலா?" என்று அவர் கேட்கவில்லை.

பூனையின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

டாக்டரம்மா ஒரு தட்டை எடுத்தாள். சூடாக இருந்ததை எல்லாம் பரிமாறினாள். கதவு வாசலில் தரையில் வைத்தாள். ஏழு வருஷத்துக்கு முன் வைத்த அதே இடம். அன்றைக்குப் போலவே திரும்பி நடந்தாள்.

பின்னால் தாழ்ப்பாள் திறந்தது.

பூனை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்மேல கோபம் இல்லையா அண்ணி?"

"நிறைய இருக்கு. சாப்பிட்டு முடி, அப்புறம் காட்டறேன்." டாக்டரம்மாவும் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. காலைல நான் ஒரு தப்பான மருந்தத் தூக்கிக்கிட்டுப் போனேன். சாயங்காலம் சரியான மருந்தோட வந்திருக்கேன். அந்த வித்தியாசம் நீ போட்ட கோடு. முப்பத்தேழு சாகாது. நான் சாக விட மாட்டேன்."

"பதினொண்ணு?"

"அதுவா? யாரோ கூட்டிப் பெருக்க வந்த ஆளா இருக்கும். ஒரு வாரம் இருக்கு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டாவது கண்டுபிடிச்சு, கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, அந்தம்மா முன்னாடி நிறுத்திடுவேன். நான் விடற ஆளா?"

பூனை மெல்லுவதை நிறுத்தினாள்.

டாக்டரம்மா உற்சாகத்தில் இருந்தாள். உற்சாகம் வந்தால் அவளுக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கழுத்தைத் திருப்பி அடுப்பறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கேட்டீங்களாங்க? நீங்க செஞ்ச மூடிதான் இன்னிக்கு ஹீரோ! எல்லாம் இவ போட்ட நீலக் கோடு. பதினொண்ணுல மட்டும் யாரோ சிவப்பா நாலு போட்டிருக்காங்க. தடியா, ஒரே அளவுல, ஸ்கேல் வெச்ச மாதிரி. நாலுன்னா என்ன? ரெண்டு நாளைக்கு, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

ரெண்டு நாள். காய்ச்சல் ரெண்டு நாள்தான்.

தச்சரின் கையில் கரண்டி நின்றிருந்தது. அவர் மெதுவாகத் திரும்பினார். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் காது காலியாக இருந்தது.

"உங்க பென்சில் எங்கங்க?" என்றாள்.

பூனை கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"எந்தப் பென்சில்?" என்றார் தச்சர்.